பச்சை டேப் ஒட்டிய பாட்டில்

சாக வேண்டியவை சாகவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த அத்தைக்கு அதைப் பார்த்ததும் வந்தது சந்தோஷம் அல்ல, ஆத்திரம்.

இன்னும் கால் சரியாகத் தரையில் பாவவில்லை. மாடிப்படி ஏறியதற்கே மூச்சு இரைத்தது. இருந்தாலும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, இன்குபேட்டரைத் திறந்து, தன்னுடைய தட்டுகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டுகள். அவற்றின் அடியில் ஒட்டிக்கொண்டு புற்றுநோய்ச் செல்கள் வளர்கின்றன. பாதித் தட்டுகளில் அவை இந்நேரம் சுருங்கி, உருண்டு, பிணமாக மிதந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்றுகூட மிதக்கவில்லை. எல்லாம் கொழுகொழுவென்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, எனக்கென்ன குறைச்சல் என்று உட்கார்ந்திருந்தன.

அத்தை என்பது ஆய்வகம் வைத்த பெயர். தம்பி மகள் ஒருமுறை ஆய்வகத்துத் தொலைபேசிக்கே அழைத்து, "அத்தை இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மாணவர்கள் எல்லோருக்கும் அவள் அத்தை. ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்து, கையுறையோடு பேனாவைத் தொடாதே என்று எந்நேரமும் முணுமுணுக்கிறவளுக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் போனது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், நேரில் அவளை யாராவது உறவு சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான்.

அவளுடைய பிழைப்பு ஒரு வெள்ளைப் பொடியை நம்பி இருந்தது. அதன் உண்மையான பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்பதால் ஆய்வகத்தில் 'பூட்டு' என்பார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே சமைத்துக்கொள்ளத் தெரியும். புற்றுநோய்ச் செல்லுக்கு அதில் பேராசை. நாள் முழுக்க அடுப்பெரியும். இந்தப் பொடி அந்தச் சமையலறையைப் பூட்டிவிடும். பூட்டினால் செல் பட்டினியில் சாகும் என்பது அவள் கட்சி. அதைக் காட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வெளியிலிருந்து கொழுப்பு வரக்கூடாது. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டலில் வாங்கிக் கொடுத்தால் யார் பட்டினி கிடப்பார்கள்? அதனால் செல்களுக்கு ஊற்றுகிற சாப்பாட்டுத் திரவத்தைக் கொழுப்பு நீக்கிய சீரத்தில்தான், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில்தான், கலக்க வேண்டும். அதைத் தயாரிப்பது பெரும்பாடு. அத்தை பொறுமையாகச் செய்வாள்.

இரண்டு முறை செய்து பார்த்து இரண்டு முறையும் செல்கள் செத்தன. மூன்றாம் முறையும் செத்தால்தான் நம்புவார்கள். அதோடு பேராசிரியர் வேறொரு கேள்வியையும் வைத்திருந்தார். "பட்டினியிலதான் சாகுதுன்னு எப்படிச் சொல்றீங்க? உங்க பொடி வெறும் விஷமா இருந்தா? எதைப் போட்டாலும்தான் செல் சாகும்." அதற்கு அத்தையிடம் பதில் இல்லை. மாதக் கடைசிக் கூட்டத்தில் பதில் சொல்லாவிட்டால் அவளுடைய திட்டத்தை மூடிவிடுவதாக ஏற்பாடு. திட்டம் மூடினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தம்பி வீடு.

தம்பி நல்லவன்தான். அம்மா போனதிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். "மாடி ரூம் சும்மாதானேக்கா கெடக்கு. வந்துடு" என்பான். தம்பி மனைவியும் முகம் கோணுகிறவள் இல்லை. ஆனால் அந்த மாடி அறையில் தன் பிற்பாதி எப்படிக் கழியும் என்று அத்தைக்குக் கண்ணை மூடினாலே தெரிந்தது. பார்சல் வந்தால் கதவு திறக்கலாம். விருந்தாளி வந்தால் "இது இவரோட அக்கா, இங்கதான் இருக்காங்க" என்று அறிமுகம் ஆகலாம். நாற்பத்தாறு வயதில் அதற்காகவா இத்தனை வருஷம் படித்தது?

அப்படிப்பட்ட மூன்றாம் முறைக்கான தட்டுகளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன அன்றுதான் காய்ச்சல் வந்தது. ஆய்வகத்தின் வாட்ஸப் குழுவில் 'காய்ச்சல். வர முடியாது' என்று போட்டாள். கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அத்தோடு சரி. உதடு வெடிக்க, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, குழாய்த் தண்ணீரும் பழைய ரொட்டியுமாகக் கிடந்தாள். போன் ஒருமுறை அடித்தது. கடன் அட்டை வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். தம்பியிடம் சொன்னால் உடனே காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான், வந்தால் கையோடு அழைத்துப் போய்விடுவான் என்று அவனிடமும் சொல்லவில்லை. இப்படியே கண் மூடிவிட்டால் எப்போது தெரியும், யாருக்குத் தெரியும் என்று யோசித்தாள். யாரும் நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்தது. அழுதாள்.

இடையில் ஒரு நாள் செல்களுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டியிருந்தது. யார் மாற்றுவார்கள்? எல்லாத் தட்டுகளும் கெட்டுப்போயிருக்கும் என்று எண்ணித்தான் இன்று வந்திருந்தாள். பசித்த தட்டைப் பார்த்தாலே தெரியும். சாப்பாட்டுத் திரவம் நல்ல ரோஜா நிறத்தில் இருக்கும். செல்கள் தின்று தீர்த்தால் மஞ்சளாகிவிடும். இங்கேயோ எல்லாத் தட்டுகளும் பளிச்சென்று ரோஜா நிறத்தில் இருந்தன.

யாரோ தொட்டிருக்கிறார்கள். அத்தைக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

அந்த ஆய்வகத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அடுத்தவர் தட்டைத் தொடக்கூடாது. ஆளுக்கு ஒரு நிற டேப். அத்தைக்கு நீலம். அந்த நிறம் ஒட்டிய தட்டு, குடுவை, பாட்டில் எதிலும் இன்னொருவர் விரல் படக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. முன்பு ஒரு மாணவன் பொறாமையில் தோழனின் தட்டுகளில் எதையோ ஊற்றிவைத்தான். அது தெரியாமல் கட்டுரை அச்சாகி, பிறகு திரும்பப் பெறப்பட்டு, பேராசிரியர் தலை நிமிர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் போக முடியாமல் போயிற்று. அதிலிருந்து தொட்டவர் யாரானாலும் அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தொட்டது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை தேவைப்படவில்லை. ஃப்ரிட்ஜில் அவளுடைய கொழுப்பு நீக்கிய பாட்டில் காலியாகக் கிடந்தது. புதிதாகத் தயாரிக்க நினைத்துக் காய்ச்சலில் விட்டுப்போனது. பக்கத்தில் பச்சை டேப் ஒட்டிய பாட்டிலில் ஒரு பெரிய அளவு குறைந்திருந்தது. பச்சை, உம்கொட்டியின் நிறம்.

உம்கொட்டி ஐம்பதைத் தொட்ட மனிதர். வேறெங்கோ இருந்த ஆய்வகம் மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவர். எதைச் சொன்னாலும், கேட்டாலும், திட்டினாலும் 'உம்' என்பார். அவரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன் என்பதால் ஆய்வகக் குழுவில் அவர் இல்லை. மதியம் தனியாகச் சாப்பிடுவார். அத்தையும் தனியாகத்தான் சாப்பிடுவாள், வேறு மேசையில். இரண்டு வருஷமாக முதுகுக்கு முதுகு காட்டி ஒரே அறையில் வேலை செய்தும் இருவரும் பேசியது ஒரு பக்கத்துக்கு வராது.

அவர் வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் தட்டத் தொட்டீங்களா?"

"உம்."

"ஏன்?"

அவர் திரும்பினார். "மஞ்சளாயிடுச்சு மேடம். ஞாயித்துக்கிழமை வந்தேன், பார்த்தேன். பசங்க உங்களுக்குக் காய்ச்சல்னு பேசிக்கிட்டாங்க. உங்க நம்பர் என்கிட்ட இல்ல."

"அதுக்கு?"

"உங்க பாட்டில்ல ஒண்ணும் இல்ல. பொடிய நீங்க மூடியில எழுதியிருந்த மாதிரியே அளந்து போட்டேன். சாப்பாடு மட்டும் என்னோடது."

அதுதான் சங்கதி. அவருடைய பாட்டில் சாதாரண சீரம், கொழுப்பு நிறைந்தது. சமையலறையைப் பூட்டிவிட்டு வாசலில் விருந்து வைத்திருக்கிறார் மனிதர்.

"பட்டினி போட்டுச் சாகடிக்கத்தானே சார் நான் வெச்சிருக்கேன்? அதுக்குப் போய் ஊட்டி விட்டிருக்கீங்களே. பொடி இனிமே ஒரு தடவைக்குத்தான் இருக்கு. என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்க." குரல் உடைந்தது. காய்ச்சலின் பலவீனம் வேறு. "உங்களுக்கென்ன, யாரு இருந்தா என்ன, யாரு போனா என்ன."

கடைசி வாக்கியம் அநியாயம் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவர் 'உம்' என்றுகூடச் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போனார்.

அன்று மாலை தம்பி கூப்பிட்டான். மாடி அறைக்கு வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னான். "என்ன கலர் வேணும்க்கா?" என்று கேட்டான். எதுவானாலும் சரி என்றாள். பிறகு நெடுநேரம் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று பார்த்தாள். எடுத்துப்போக அதிகம் இல்லை என்பதே ஒரு துக்கமாக இருந்தது.

மறுநாள் தட்டுகளைக் கொட்ட வந்தாள். வீணான தட்டில் பிளீச் ஊற்றிவிட்டுக் குப்பையில் போட வேண்டும். மூடியைத் திறந்து பாட்டிலைச் சாய்க்கப் போனவள் கை அப்படியே நின்றது.

பூட்டு உள்ளே இருந்தது, சரியான அளவில். செல்கள் உயிரோடும் இருந்தன. பொடி வெறும் விஷமாக இருந்தால் விருந்து வைத்தாலும் செத்திருக்க வேண்டாமா? வெளியிலிருந்து கொழுப்பு கிடைத்ததும் பிழைத்துக்கொண்டன என்றால், அவற்றை இத்தனை நாள் கொன்றது பட்டினிதான். பேராசிரியர் கேட்ட கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டா பிளீச் ஊற்றப் பார்த்தாள்?

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தான் போர்வைக்குள் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, உலகத்தில் ஒரு மனிதர் பஸ் ஏறி இங்கே வந்து, அவளுடைய தட்டுகள் பசித்திருக்கின்றன என்று பதறி, மூடியில் அவள் எழுதியதைப் படித்துப் படித்து அளந்து ஊற்றியிருக்கிறார். அவளைப் பற்றி எவரும் நினைக்கவில்லை என்று அவள் அழுத அதே நாளில்.

கடைசிப் பொடியை வைத்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை பாதித் தட்டுகளுக்குக் கொழுப்பு நீக்கிய சாப்பாடு, பாதிக்குக் கொழுப்புள்ளது. அதே சீரமாக இருந்தால்தான் வாதம் நிற்கும், அதாவது அந்தப் பச்சைப் பாட்டில்தான் வேண்டும். உம்கொட்டி அன்று அடுத்த கட்டிடத்துக்கு ஏதோ கருவிக்காகப் போயிருந்தார். காத்திருந்து கேட்டிருக்கலாம். முந்தின நாள் பேசிய பேச்சுக்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பச்சை டேப்பின் மேலேயே விரல் பட, எடுத்து ஊற்றிக்கொண்டு திருப்பி வைத்தாள்.

கச்சிதமாக வந்தது. பூட்டும் பட்டினியும் சேர்ந்த தட்டில் செல்கள் கூண்டோடு செத்தன. பூட்டு இருந்தும் சாப்பாடு கிடைத்த தட்டில் ஒன்றும் ஆகவில்லை.

கூட்டத்தில் படங்களைத் திரையில் போட்டபோது பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதான் நான் கேட்டது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு உங்களை யாரும் அசைக்க முடியாது." மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள். "எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

கடைசி வரிசையில் உம்கொட்டி உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் பங்கு இருக்கிறது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால் திருட்டு என்று அத்தைக்குப் பட்டது. மனசு நிரம்பியிருந்தது. அந்த நிறைவில் விதியும் மறந்தது, கதவும் மறந்தது.

"எனக்குத் தோணல சார். அவருக்குத்தான் நன்றி சொல்லணும். நான் காய்ச்சல்ல கெடந்தப்ப என் தட்டுக்கு அவர்தான் வந்து சாப்பாடு மாத்தியிருக்காரு. அதுலதான் தெரிஞ்சுது."

தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது.

"அவங்க தட்டத் தொட்டீங்களா?" என்றார் பேராசிரியர், குரலை உயர்த்தாமல்.

"உம்."

"சாவிய ஆபீஸ்ல குடுத்துடுங்க."

"சார், நல்லதுக்குத்தானே..." என்று அத்தை எழுந்தாள்.

"நல்லது கெட்டது பார்த்து வெச்சா அது விதியே இல்ல மேடம். இன்னைக்கு நல்லதுக்குன்னு விட்டா, நாளைக்கு ஒருத்தன் அதையேதான் சொல்லுவான்."

நானும் அவர் பாட்டிலைத் தொட்டேன் சார். அந்த ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. சொன்னால் இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு: ஒன்று இருவரும் வெளியே, அல்லது இருவருக்கும் மன்னிப்பு. அத்தைக்கு வெள்ளையடித்த மாடி அறை கண்ணில் வந்தது. வாக்கியம் வந்த வழியே இறங்கிவிட்டது. அவள் உட்கார்ந்தாள்.

உம்கொட்டியிடமும் மூட்டை கட்ட அதிகம் இல்லை. ஒரு குவளை, ஒரு குடை. கதவருகில் வந்தவர் அவளுடைய மேசைப் பக்கம் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"காய்ச்சல் நல்லாயிடுச்சா மேடம்?"

இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். அத்தை வாயைத் திறந்தாள். தலையைக்கூட அசைக்க முடியவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, தனக்குத்தானே "உம்" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வேலை நிலைத்துவிட்டது என்று தம்பியிடம் சொன்னாள். "ரொம்ப சந்தோஷம்க்கா. அப்ப மாடி ரூம பொண்ணுக்குப் படிக்கக் குடுத்துடலாம்" என்றான். அவன் குரலில் தெரிந்த நிம்மதியை அவள் குற்றம் சொல்லவில்லை. அது இயல்புதான். ஆனாலும் வலித்தது.

விரும்பியது கிடைத்துவிட்டது. அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே இன்குபேட்டரின் முனகல். முதுகுக்குப் பின்னால் மட்டும் ஆள் இல்லை. இரண்டு வருஷம் பேசாத ஒருவர் இல்லாமல் போனதற்கு அறை இத்தனை வெறிச்சோடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

"அத்தை, அந்தப் பச்சைக் குடுவையெல்லாம் பிளீச் ஊத்திடச் சொன்னாரு சார். நீங்க பார்த்துக்கிறீங்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். போனவரின் செல்களை யாரும் வளர்ப்பதில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வீட்டில் இருந்து என்ன செய்ய? இன்குபேட்டரின் கீழடுக்கில் பச்சை டேப் ஒட்டிய குடுவைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் மஞ்சள். எடுத்து வெளியே வைத்து, பிளீச் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியது. குடுவைகளின் மூடியில் உம்கொட்டியின் கையெழுத்து பொடிப்பொடியாக இருந்தது, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்பதுபோல. பிளீச்சை மூடி வைத்தாள். பச்சைப் பாட்டிலை எடுத்துச் சூடாக்கி, மூடியில் எழுதியிருந்ததைப் படித்துப் படித்து, ஒவ்வொரு குடுவைக்கும் சாப்பாடு மாற்றினாள். டேப்பை மாற்றவில்லை. கடைசிக் குடுவையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும்போது முகம் நனைந்திருந்தது.

திங்கட்கிழமை காலை பேராசிரியரின் குரல் அறைக்குள்ளிருந்து கேட்டது. இன்குபேட்டர் திறந்திருந்தது. மாணவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கீழடுக்கு முழுக்க ரோஜா நிறம்.

"இதத் தொட்டது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டால் இத்தனை சுலபமா? "அது மட்டும் இல்ல. கூட்டத்துல காட்டினேனே, அதுக்கும் அவர் பாட்டிலக் கேக்காமதான் எடுத்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

பேராசிரியர் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவர் எழுதியதுதான்.

"என்ன செய்யச் சொல்றீங்க என்னை?"

"உங்க விதிப்படி செய்யுங்க சார். சாவி இந்தா இருக்கு." கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "அவரோட நம்பர் ஆபீஸ்ல இருக்கும். அத மட்டும் வாங்கிக் குடுங்க."

"எதுக்கு?"

"காய்ச்சல் நல்லாயிடுச்சுன்னு சொல்லணும் சார். அவர் கேட்டாரு. நான் இன்னும் பதில் சொல்லல."